எலியைக் காத்தது நம்மையும் காக்குமா?



சில வாரங்களுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைப் பார்க்கச் சென்றிருந்தேன். மின்காந்தம், பெரிஸ்கோப், எரிமலை என வழக்கமான மாதிரிகளை எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். சென்ற ஆண்டு அவனுடைய தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, வலக்கை விழுந்துவிட்டதாம். மறுபடியும் வந்துவிடுமோ என்று வீட்டில் எல்லாருக்கும் பயம்.

"சார், மெலடோனின்னு ஒரு தூக்க மாத்திரை இருக்காம். அது பக்கவாதத்துல மூளை கெடாம காப்பாத்தும்னு செல்போன்ல ஒரு செய்தி வந்துச்சு. எலிக்குக் கொடுத்து நிரூபிச்சுட்டாங்களாம். தாத்தாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா சார்?" என்று கேட்டான்.

செய்தி பொய்யா? இல்லை. எலிகளில் அப்படி நடந்தது உண்மை. அப்படியானால் மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா? கூடாது. இந்த இரண்டு பதில்களும் எப்படி ஒத்துப்போகும் என்பதை அவனுக்கு நின்றபடியே சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இயற்பியல் ஆசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு கூற்றை எப்போது நம்புவது என்பது எல்லா விஞ்ஞானத்துக்கும் பொதுவான கேள்வி.

இருளின் தூதுவன்

முதலில் மெலடோனின் என்பது என்ன என்று பார்ப்போம். நம் மூளையின் நடுப்பகுதியில் பினியல் என்ற சுரப்பி இருக்கிறது. அளவு ஓர் அரிசிமணி போன்றதே. இருட்டிய பிறகு இது மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். விடியும் நேரத்தில் சுரப்பு அடங்கிவிடும். வெளியே இரவாகிவிட்டது என்ற செய்தியை உடல் முழுவதற்கும் எடுத்துச் செல்லும் தூதுவன் இது.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. 1917-ஆம் ஆண்டு மெக்கார்ட், ஆலன் என்ற இருவர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தோல் வெளுத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவராக இருந்த ஆரன் லெர்னர் இதைப் படித்தார். அந்தச் சாற்றில் உள்ள பொருள், வெண்புள்ளி போன்ற தோல் நிறக் கோளாறுகளுக்கு உதவக்கூடும் என்று எண்ணினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் பினியல் சுரப்பிகளைச் சேகரித்து, 1958-இல் அப்பொருளைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயரிட்டார்.

வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. எனினும் உறக்கத்துக்கும் உடலின் உள் கடிகாரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய வழி திறந்தது. லெர்னரின் ஊகம் அறிவுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் பரிசோதனை வேறு பதில் சொல்லிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூளையில் ஒரு கிரகணம்

இனி பக்கவாதத்துக்கு வருவோம். நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 பங்கே. ஆனால் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் கிடங்கு அதற்குக் கிடையாது. ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அக்குழாயை நம்பியிருந்த பகுதி பட்டினி கிடக்கும். பெரும்பாலான பக்கவாதங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றவை ரத்தக் குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. அடைப்பின் மையத்திலுள்ள செல்கள் சில நிமிடங்களில் மடிந்துவிடும். சுற்றியுள்ள செல்களுக்கு அண்டைக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வரும். அவை வேலை செய்வதை நிறுத்திவிடும். ஆனால் உடனே சாகா.

கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்திருப்பீர்கள். கருநிழலில் முழு இருள். புறநிழலில் அரை வெளிச்சம். 1977-இல் ஆஸ்ட்ரப், சைமன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மூளையின் இந்த அரைப்பட்டினிப் பகுதிக்குப் 'புறநிழல்' என்றே பெயர் வைத்தார்கள். நம் இயற்பியல் மருத்துவத்துக்குக் கடன் கொடுத்த சொல் இது! மருத்துவரின் போராட்டம் முழுவதும் இந்தப் புறநிழலுக்காகத்தான். காலம் கடக்கக் கடக்க புறநிழல் சுருங்கும், கருநிழல் பெருகும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போது வேறொரு தொல்லையும் உண்டு. திடீரென்று பாயும் ஆக்ஸிஜனிலிருந்து, இணை இல்லாத எலக்ட்ரானைச் சுமந்த துணுக்குகள் பிறக்கின்றன. இவற்றை வேதியியலார் 'தனி உறுப்புகள்' என்பர். 'ஃப்ரீ ராடிக்கல்' என்று விளம்பரங்களில் கேட்டிருப்பீர்களே, அதுதான். இணைக்கு ஓர் எலக்ட்ரான் வேண்டி, அருகிலுள்ள செல்சவ்வுக் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் இவை தாக்கும்.

இங்கேதான் மெலடோனின் நுழைகிறது. 1993-இல் டெக்சாஸில் பணிபுரிந்த ரஸல் ரைட்டரும் உடன் ஆய்வாளர்களும், மெலடோனின் தன் எலக்ட்ரானைக் கொடுத்துத் தனி உறுப்புகளை அடக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். அது நீரிலும் ஓரளவு கலக்கும், கொழுப்பிலும் கலக்கும். ஆகவே ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகும். நம் உடலே தயாரிக்கும் பொருள் என்பதால் நஞ்சு என்ற அச்சமும் குறைவு. பக்கவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா என்று தோன்றுகிறது அல்லவா?

எலிகளின் சாட்சியம்

எலிகளும் அதையே சொல்லின. எலியின் மூளைக் குழாயை அடைத்து, மெலடோனின் கொடுத்துச் செய்த பல பரிசோதனைகளை மால்கம் மக்லியோட் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மெலடோனின் பெற்ற விலங்குகளில் பாதிப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. இது சிறிய எண் அல்ல. அந்த மாணவனுக்கு வந்த செய்தியின் அடிப்படை இத்தகைய ஆய்வுகள்தாம்.

பின் என்ன தடை? இன்னொரு மருந்தின் கதையைக் கேளுங்கள். அதன் பெயர் என்.எக்ஸ்.ஒய்-059. அதுவும் தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கும் பொருளே. எலிகளில் வென்றது. குரங்கினத்தைச் சேர்ந்த மார்மோசெட்டிலும் வென்றது. மனிதரில் செய்த முதல் பெரிய சோதனையில் சுமார் 1,700 நோயாளிகள் பங்கு பெற்றனர். 2006-இல் வெளியான முடிவு, ஓரளவு பயன் உண்டு என்றது. உலகெங்கும் மகிழ்ச்சி! ஆனால் விஞ்ஞானிகள் அத்துடன் நிற்கவில்லை. சுமார் 3,300 நோயாளிகளிடம் மறுபடியும் சோதித்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் பொய் மருந்து பெற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. மருந்து கைவிடப்பட்டது.

இது ஒரு மருந்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ஓகாலின்ஸ் முதலியோர் 2006-இல் ஒரு பட்டியல் வெளியிட்டனர். பக்கவாதத்துக்காகச் சோதனைச்சாலைகளில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகள் அதில் 1,026. அவற்றுள் மனிதரிடம் சோதிக்கப்பட்டவை 114. மூளைச் செல்களுக்குக் கவசமாக நிற்கும் மருந்து என்று உலகமெங்கும் ஏற்கப்பட்டது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஜப்பானில் எடரவோன் என்ற மருந்து 2001 முதல் பயன்பாட்டில் உள்ளது என்றாலும், அதை எல்லா நாடுகளும் இதற்கு ஏற்றுக்கொள்ளவில்லை.

எலி ஏன் ஏமாற்றுகிறது?

எலி பொய் சொல்வதில்லை. நாம் எலியிடம் வேறு கேள்வியைக் கேட்டுவிட்டு, மனிதனுக்கான பதிலை எதிர்பார்க்கிறோம்.

சோதனைச்சாலை எலி பெரும்பாலும் இளமையானது, நோயற்றது. பக்கவாதம் வரும் மனிதரோ பெரும்பாலும் முதியவர். ரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர். எலிக்கு எப்போது அடைப்பு வரும் என்று நமக்குத் தெரியும், நாம்தானே உண்டாக்குகிறோம்! ஆகவே மருந்தை முன்கூட்டியோ, சில நிமிடங்களிலோ கொடுத்துவிடலாம். மனிதர் மருத்துவமனைக்கு வந்து சேரவே மணிக்கணக்காகிறது.

ஆராய்ச்சியாளரின் ஆசையும் குறுக்கே வரும். எந்த எலி மருந்து பெற்றது என்று தெரிந்தே மூளைப் பாதிப்பை அளந்தால், அளப்பவரின் கண் தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும். செய்முறை வகுப்பில், புத்தகத்திலுள்ள விடை தெரிந்தபின் அளவுகோலைப் படிக்கும்போது உங்கள் கண் என்ன செய்கிறது என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள்! மக்லியோட் குழுவினர் 2008-இல் என்.எக்ஸ்.ஒய்-059 பற்றிய விலங்கு ஆய்வுகளைத் திரும்பப் பார்த்தனர். எது எந்த எலி என்று அறியாமல் அளந்த ஆய்வுகளில் மருந்தின் பயன் குறைவாகவே தெரிந்தது.

அளவும் ஒரு சிக்கல். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 600 மில்லிகிராமா? இல்லை. சிறிய உடலுக்குக் கனஅளவோடு ஒப்பிடப் பரப்பளவு அதிகம். அது மருந்தை வேகமாகச் செலவழிக்கும். அதனால் எலியின் அளவை ஏறத்தாழ 6-ஆல் வகுப்பது வழக்கம். அப்படியும் 100 மில்லிகிராம் வருகிறது. கடையில் விற்கும் 3 மில்லிகிராம் மாத்திரையில் இது 30-க்கு மேல்! அதிலும் வாய்வழியே விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். ஆகவே, கடை மாத்திரை ஒன்றை விழுங்குவது எலிப் பரிசோதனையை மனிதரிடம் செய்வது ஆகவே ஆகாது. இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் 30 மாத்திரை விழுங்கவும் கூடாது. அத்தனை அளவு பக்கவாத நோயாளிக்கு நன்மை செய்யும் என்று யாரும் நிறுவவில்லை.

இன்னொன்று, என்னை மிகவும் வியக்க வைத்தது. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. ஆராய்ச்சியாளரோ பகலில் வேலை செய்பவர். ஆகவே எலிப் பரிசோதனைகள் பெரும்பாலும் எலி உறங்கும் நேரத்தில் நடக்கின்றன. மனிதருக்குப் பக்கவாதம் காலை நேரத்தில், விழித்தபின் அதிகம் வருகிறது. இந்த வேறுபாடு முக்கியமா? எங் லோவும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மனிதரில் தோற்ற மூன்று வகைச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டனர். எலிகள் ஓய்வெடுக்கும் பகலில் கொடுத்தபோது அவை மூளையைக் காத்தன. எலிகள் விழித்திருக்கும் இரவில் கொடுத்தபோது காக்கவில்லை! உடலின் உள் கடிகாரத்துக்கு இவ்வளவு செல்வாக்கு. அந்தக் கடிகாரத்தின் தூதுவனான மெலடோனினைச் சோதிக்கும்போது, இது எத்தனை முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

விளக்கம் வேறு, சான்று வேறு

என் கருத்து இதுதான். ஒரு பொருள் ஏன் பயன்படும் என்று அழகாக விளக்க முடிவது, அது பயன்படுகிறது என்பதற்குச் சான்று ஆகாது.

தேர்வில் 'காரணம் கூறுக' என்ற கேள்விக்கு நல்ல காரணம் எழுதினால் உங்களுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அதனால் காரணம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணப் பழகிவிடுகிறோம். இயற்கை அப்படி மதிப்பெண் போடுவதில்லை. லெர்னரிடம் நல்ல காரணம் இருந்தது. என்.எக்ஸ்.ஒய்-059-க்கும் இருந்தது. மெலடோனினுக்கும் இருக்கிறது. பக்கவாத நோயாளிகளிடம், குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாமல் பெரிய அளவில் சோதித்துப் பெற்ற சான்றுதான் அதற்கு இன்னும் இல்லை.

அத்தகைய சான்று எப்படி இருக்கும் என்று காட்டவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற மருந்தை அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் சோதித்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். 3 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்களில், ஊனம் இன்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ தேறியவர்கள் கூடுதலாக இருந்தனர். அதே சோதனை, 100-க்கு 6 பேருக்கு மூளையில் ஆபத்தான கசிவு ஏற்பட்டதையும் மறைக்காமல் சொன்னது. லாபம், நஷ்டம் இரண்டும் எண்ணில் வந்தன. இன்று நாலரை மணி நேரம் வரை இம்மருந்தைத் தருகிறார்கள். 2015-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பின், பெரிய குழாய் அடைப்பைக் கம்பி நுழைத்து வெளியே இழுக்கும் சிகிச்சையும் நிலைபெற்றுவிட்டது.

"மெலடோனின் விலை குறைவு, கெடுதலும் அதிகம் இல்லை. சும்மா கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். என் பதில் மூன்று. முதலாவது, குப்பியின் மேல் எழுதியதே உள்ளே இருக்கும் என்ற உறுதி இல்லை. 2017-இல் கனடாவில் 31 வகை மெலடோனின் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, சிலவற்றில் குறிப்பிட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சிலவற்றில் பல மடங்கு இருந்தது. இரண்டாவது, ஏற்கெனவே பக்கவாதம் வந்த முதியவர் ரத்த அழுத்தத்துக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து உட்கொள்பவராக இருப்பார். மருத்துவரைக் கேட்காமல் அதனுடன் எதையும் சேர்க்கக்கூடாது. மூன்றாவதே முக்கியமானது. வீட்டில் காப்பு மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை, அந்த வேளையில் நம்மைத் தாமதிக்க வைக்கும். "மாத்திரை கொடுத்தாயிற்று, கொஞ்சம் பார்ப்போம்" என்ற 10 நிமிடத்தில் எத்தனை செல்கள் மடியும்? மேலே உள்ள எண்ணைப் பெருக்கிப் பாருங்கள். 1 கோடியே 90 லட்சம்.

இன்னொரு கேள்வியும் வரும். "நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பொய் மருந்து கொடுப்பது கொடுமை இல்லையா?" என்.எக்ஸ்.ஒய்-059 சோதனையை மறுபடி நினைத்துப் பாருங்கள். பொய் மருந்து பெற்றவர்கள் எதையும் இழக்கவில்லை. அந்த இரண்டாவது சோதனை நடந்திராவிட்டால், பயனற்ற மருந்துக்கு எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கியிருக்கும்! சோதனை தாமதம் அல்ல, அதுவும் ஒரு சிகிச்சை என்றே நான் சொல்வேன்.

அதற்காக மெலடோனினை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அது சோதிக்கத் தகுதியானது. முதிய, நோயுற்ற விலங்குகளிலும், இரவு பகல் இரு வேளைகளிலும், கண்ணைக் கட்டிக்கொண்டது போன்ற நேர்மையுடனும் சோதிக்க வேண்டும். பின் மனிதரிடம் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். பழைய, மலிவான பொருள் என்பதால் இதில் பெரும் லாபம் காணும் நிறுவனம் எதுவும் இராது. ஆகவே மக்கள் வரிப் பணத்தில் அரசுகள்தான் இச்சோதனைகளை நடத்த வேண்டும். உங்களில் ஒருவர் நாளை அதைச் செய்யலாம்.

அந்த மாணவனுக்கு

அன்று அவனிடம் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "தம்பி, அந்த மாத்திரை வேண்டாம். தாத்தா ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் தவறாமல் போடுகிறாரா என்று நீ பார்த்துக்கொள். அதற்குச் சான்று இருக்கிறது."

உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ தளர்ந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்காதீர்கள். சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தண்ணீரோ, உணவோ, மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் ஆற்றல் போயிருக்கலாம். அடைப்பா கசிவா என்பது வெளியே பார்த்துத் தெரியாது. ஸ்கேன் எடுத்தபின்தான் மருத்துவரே மருந்தைத் தொடுவார். எனவே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனையாகப் பார்த்துச் செல்லுங்கள்.

அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பெரியவர்கள் பதறி நிற்கும் அந்த வேளையில், கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறிக்கும் வேலையை நீங்கள் செய்யலாம்.